நன்றி நோட்டீசில் நான் விட்ட பெயர்

எங்கள் இசைக் கலைஞர் சங்கத்தில் மலர் ஒன்று போடுகிறார்கள். வெளிநாடு சுற்றிவிட்டு வந்த ஒரு நாதஸ்வரக் குழுவில் தவில் வாசிக்கும் தம்பி, அதற்குக் கட்டுரை கேட்டு என் வீட்டுக்கு வந்தார். அவர்களை அழைத்தவர்கள், சாப்பாடு போட்டவர்கள், கார் ஓட்டியவர்கள் என்று எல்லோருடைய படத்தையும் கைப்பேசியில் காட்டினார்.

"அந்தக் காலத்துலயே நீங்க மலேசியா போய் வந்தவராமே. அங்க உங்கள கூப்ட்டு பாத்துகினவங்களப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க ஐயா" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. அந்தப் பயணத்துக்காக நான் ஏற்கெனவே ஒரு தடவை நன்றி எழுதியிருக்கிறேன். அது அச்சாகி ஊரெல்லாம் போனது. அதில் இருந்த குற்றத்தைச் சொல்லாமல் இன்னொரு நன்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மலருக்கு ஆகாது என்றால் விட்டுவிடட்டும்.

என் பெயர் ஏகாம்பரம். அப்பா சேவூரில் கோயில் மேளத்துக்குச் சுருதி கொடுக்கும் ஒத்து ஊதியவர். பன்னிரண்டு வயதில் என்னைத் தவிலுக்கு விட்டார்கள். விரலில் ரத்தம் கட்டியது, வீங்கியது, பிறகு காய்த்துப்போனது. எந்தத் தவில்காரனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். இருபத்து மூன்று வயதில் சோமசுந்தரம் அண்ணன் குழுவில் இரண்டாவது தவிலாகச் சேர்ந்தேன்.

அப்போது ஆரணியில் பெரிய பட்டு வியாபாரிகள் வீட்டுக் கல்யாணம் என்றால் அண்ணன் மேளம்தான். ஒல்லியான உடம்பு. அதற்குள் அவ்வளவு மூச்சு எங்கே இருந்தது என்று டாக்டர்களே கேட்பார்கள். வாசிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே பேச்சை நிறுத்திவிடுவார். நாதஸ்வரத்தின் நாணல் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் வந்து கும்பிட்டாலும் தலை மட்டும் அசையும். பிறகு எழுந்து வந்து என் தவிலின் தோலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். தொய்வு இருந்தால் திட்ட மாட்டார். நான் வாரை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டி முடிக்கும் வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பார். வாசிக்கும்போது நான் தப்பு செய்தால் நாதஸ்வரத்தை உதட்டிலிருந்து ஒரு விரல் அளவு கீழே இறக்குவார். எதிரில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும் காது சூடாகிவிடும்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த ஊரில் யார் தண்ணீர் கொடுத்தாலும், வாங்குவதற்கு முன் "யாரு வீடு?" என்பார். அவர் கேட்பது பெயரை அல்ல என்பது கொடுப்பவருக்கும் தெரியும். எங்கள் மேளம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வாசிப்பது. சாவுக்குப் பறை அடிப்பவர்கள் காலனியிலிருந்து வருவார்கள். வழியில் அவர்கள் எதிரே வந்தால் அண்ணன் நாதஸ்வரத்தை உறையில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்பார். நாங்களும் திரும்பி நிற்போம். அப்போது அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. தெரிந்தது என்று இப்போது எழுதினால் பொய்.

எழுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவிலிருந்து கடிதம் வந்தது. அடுத்தடுத்து இருந்த மூன்று ரப்பர் தோட்டங்களின் மாரியம்மன் கோயில்கள் சேர்ந்து எங்களை நாற்பது நாள் திருவிழாவுக்கு அழைத்திருந்தன. அண்ணன், இரண்டாவது நாதஸ்வரம் வாசித்த அவருடைய தம்பி தேசிங்கு, முதல் தவில்காரர், தாளக்காரர், நான் என்று ஐந்து பேர் சென்னையில் கப்பல் ஏறினோம். ஏழு நாள் கடல். பினாங்கு துறைமுகத்தில் மாலையோடு நின்றவர் வேலாயுதம். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், அங்கே கிராணி என்பார்கள். கோயில் காரியதரிசியும் அவர்தான். எங்களுக்காக எழுதிய மனுக்கள், வாங்கிய அனுமதிச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். அந்த மனிதர் இல்லை என்றால் நாங்கள் துறைமுகத்தைத் தாண்டியிருக்க மாட்டோம்.

தங்குவதற்குத் தோட்டத்தில் வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில் ஒன்றை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். புதுச் சுண்ணாம்பு, ஐந்து புதுப் பாய். மூன்றாம் நாள் ஒரு பெண்பிள்ளை வந்து வாசலிலேயே நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க. பரண் மேல எம் பொண்ணு பாடப் புஸ்தகம் ஒண்ணு மாட்டிக்கிச்சு. எடுத்துக் குடுக்க முடியுமா?"

அப்போதுதான் அது அவர்கள் வீடு என்று தெரிந்தது. அவள் பெயர் செல்லம்மா. புருஷன் மாணிக்கம் பால்மரம் என்று அங்கே சொல்லும் ரப்பர் மரத்தைச் சீவுகிறவர். நாங்கள் இருந்த நாளெல்லாம் பிள்ளைகளோடு அவர்கள் நான்கு பேரும் பக்கத்து வரிசையில் அவள் தங்கை வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள். இதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் "யாரு வீடு?" என்று கேட்பார், பதில் என்னவாக இருந்தாலும் வம்பு என்று நினைத்தேன்.

அந்த ஊர் மழைக்கு எங்கள் தவில் தாங்கவில்லை. தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோனது. வெயிலில் வைக்கலாம் என்றால் வெயிலே இல்லை. நான் தவிலை மடியில் வைத்துக்கொண்டு முழித்ததை மாணிக்கம் பார்த்திருக்கிறார்.

"ரப்பர் காய வைக்கிற புகைக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போவோம் வாங்க. புகை படாம சூடு மட்டும் வர்ற மூலை ஒண்ணு இருக்கு" என்றார்.

தினமும் மத்தியானம் இரண்டு தவிலையும் அவரே சுமந்துகொண்டு போய், அந்த மூலையில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிக் காட்டிக் கொண்டுவருவார். அண்ணன் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். யார் காய வைத்தது என்று அவர் கேட்கவில்லை.

இரண்டாவது தோட்டத்தில் திருவிழாவின் ஐந்தாம் நாள். மாலை நான்கு மணிக்கு ஆற்றங்கரையிலிருந்து கரகம் புறப்பட்டது. மாணிக்கம் அம்மனுக்குக் குடை பிடித்துக்கொண்டு எங்களை ஒட்டி நடந்து வந்தார். அண்ணன் ஒரு பிடியை இழுத்துக்கொண்டே போனார். திடீரென்று சுருதி கீழே வழுக்கியது. அவர் வாசிப்பில் எது வழுக்கினாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஏதோ புதிதாகச் செய்கிறார் என்று நினைத்து நானும் அதற்கேற்ப அடித்தேன். பிறகுதான் பார்த்தேன். வலது கை விரல்கள் துளைகளை விட்டு ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்தன. வாய் ஒரு பக்கமாக இறங்கியது. எச்சில் நாதஸ்வரத்தின் மேல் வழிந்தது. அவர் சாய்ந்தபோது குடையை எறிந்துவிட்டுப் பிடித்தவர் மாணிக்கம்தான். நாதஸ்வரம் மண்ணில் விழுந்து உருண்டது. அதை எடுக்கத்தான் நான் குனிந்தேன். அவரைத் தூக்க அல்ல.

ரப்பர் பால் ஏற்றும் லாரியில் போட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் இல்லை. திருவிழா பாதியில் நிற்கிறது. தேசிங்கு நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், முதல் தவிலும் தாளமும் அவருக்கு வேண்டும். இல்லாமல் சமாளிக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான்.

படுத்தபடி கிடக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்ன என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. நர்ஸ் மலாயில் சொன்னதை மாணிக்கம் தமிழில் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடம், மல்லாக்க, வலம் என்று திருப்ப வேண்டும். ஒருவர் தோளும் முதுகும், ஒருவர் இடுப்பும் முழங்காலும். ஒரே மூச்சில் உருட்ட வேண்டும். தனி ஆள் இழுத்தால் தோல் உரிந்துவிடும். திருப்பிய பிறகு முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, குதிகாலுக்குக் கீழே துணிச் சுருள் வைக்க வேண்டும். கஞ்சியை நல்ல பக்கத்துக் கன்னத்தில்தான் ஊற்ற வேண்டும், விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. மலம் போனால் உடனே சுத்தம் செய்ய வேண்டும். அந்த வார்டில் இருந்த ஆட்கள் முப்பது படுக்கைக்கு இரண்டு பேர்.

மாணிக்கம் விடிவதற்கு முன்பே மரம் சீவப் போவார். முன்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து ஒரு மணிக்கு வார்டுக்கு வந்துவிடுவார். கையில் செல்லம்மா வைத்த கஞ்சி. இருட்டும்வரை இருப்பார்; மற்ற நேரத்தில் வார்டு ஆளைக் கெஞ்சிக் கூட்டிவந்து திருப்புவேன். அவர் பாக்கி வைத்த வேலையைச் செல்லம்மா செய்தாள். முதல் நாள் மலச்சட்டியைப் பார்த்து நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவரே அதை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து அண்ணனின் முகத்தைத் துடைத்தார், கன்னத்தைத் தடவிப் பார்த்தார். மறுநாள் சவரக் கத்தி கொண்டுவந்து மழித்துவிட்டார்.

"அவ்ளோ பெரிய வித்துவான். எழுந்து கண்ணாடி பாத்தா வருத்தப்படக் கூடாதில்ல" என்றார்.

ஆறாம் நாள் அண்ணனுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. குழறல்தான். பல வருஷம் கூடவே இருந்ததால் எனக்குப் புரிந்தது. மாணிக்கம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்த ஊரு?" என்றார்.

நான் எடுத்துச் சொன்னேன். மாணிக்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கப்பாவுக்குப் பெரணமல்லூர் பக்கங்க. உங்க ஊருக்குக் கிட்டத்தானாமே. அப்பா ஆரணியப் பத்திச் சொல்லியிருக்காரு. நான் இங்கயே பொறந்தவன், பாத்ததில்ல."

அண்ணன் அடுத்ததையும் கேட்டார். "யாரு?"

ஒரே ஒரு சொல். என்ன கேட்கிறார் என்று நான் எடுத்துச் சொல்லத் தேவைப்படவில்லை. மாணிக்கம் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். அவர் மறைத்திருக்கலாம். கேட்டவருக்கு எழுந்து உட்காரக்கூட முடியாது.

"எங்கப்பா அங்க பறை அடிச்சவருங்க. சாவுக்கு அடிச்சாரு. இங்க வந்து மரம் சீவுனாரு."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். வாயில் இருந்த கஞ்சி ஓரத்தில் வழிந்து கழுத்தில் இறங்கியது. மாணிக்கம் துண்டை எடுத்தபோது, அசைகிற இடது கையால் அந்தத் துண்டைத் தள்ளினார்.

நான் மாணிக்கத்தை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அவருக்கு மூள கலங்கிப் போயிருக்கு. மனசுல வச்சுக்காதீங்க" என்று ஏதோ உளறினேன்.

"மூள கலங்கலீங்க. தெளிஞ்சிருக்கு" என்றார் மாணிக்கம். "எங்கப்பா இதுக்குத்தான் கப்பலேறினாரு. அது பின்னாடியே கப்பலேறி வரும்னு நெனைக்கல. சரி. சோறு ஊட்ட என் கை வேணாம்னா நீங்க ஊட்டுங்க. ஆனா அவரத் திருப்பணும்னா உங்க ரெண்டு கை பத்தாது."

அவர் போகவில்லை. அதற்குப் பிறகும் ஐந்து நாள், அதே ஒரு மணிக்கு வந்தார். கஞ்சி ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்று அண்ணனிடம் பொய் சொல்லி நான் ஊட்டினேன். மாணிக்கம் அதைக் கேட்டுக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். திருப்புகிற நேரம் வந்தால் அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். மாணிக்கம் தோளுக்கடியில் கை கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்பார். உருட்டுவோம். துடைப்பார். பவுடர் போடுவார். அண்ணன் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. டாக்டரே கூப்பிட்டு யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். மாணிக்கம் என்னைக் கைகாட்டினார்.

பதினோராம் நாள் நாங்கள் தங்கும் அனுமதியை நீட்டிக்க வேண்டும் என்று கிராணி வேலாயுதம் என்னை நகரத்து அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிற்பகல் திரும்பி வந்தபோது மாணிக்கம் வார்டு வாசலில் நின்றிருந்தார். அண்ணனின் துண்டு அவர் கையில் மடித்து இருந்தது.

"போயிட்டாருங்க. சிரமப்படல" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அயல்நாட்டில் ஒருவர் இறந்தால் அழுவதற்கு முன் செய்ய வேண்டியது எவ்வளவோ இருந்தது. டாக்டர் சான்றிதழ், போலீஸில் பதிவு, அண்ணனின் பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரக அலுவலகத்தில் ஒப்படைப்பது, ஊருக்குத் தந்தி. கிராணி ஒவ்வொன்றாக முடித்தார். உடம்பை விமானத்தில் அனுப்பலாமா என்றும் கேட்டுப் பார்த்தார். கெடாமல் இருக்க மருந்து ஏற்ற வேண்டும், உலோகப் பெட்டியில் அடைத்து முத்திரை வைக்க வேண்டும், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அதற்கு வசதி இல்லை, தலைநகரத்துக்குத்தான் போக வேண்டும், எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். தேசிங்கு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "இங்கயே முடிச்சிடலாம்" என்றார். அண்ணியின் சம்மதத்தைக் கேட்க நேரம் இல்லை. முடித்த பிறகுதான் அவளிடமிருந்து தந்தி வந்தது. முகம் பார்க்க வேண்டும், கொண்டு வரவும் என்று இருந்தது.

தகனத்தன்று தோட்டமே வேலையை நிறுத்தியது. மாணிக்கம் இன்னும் நாலு பேரோடு போய், விழுந்து கிடந்த பழைய பால்மரங்களை அறுத்து ஆற்றங்கரையில் அடுக்கினார். பாடை தூக்க நான்கு பேர் வேண்டும். தேசிங்கு கொள்ளிச்சட்டி எடுப்பதால் எங்கள் குழுவில் மிஞ்சியது மூன்று பேர். மாணிக்கம் கையைக் கழுவிக்கொண்டு நாலாவது மூலைக்கு வந்து குனிந்தார். தேசிங்கு என் காதருகே வந்தார்.

"வேணாம்டா. ஊர்ல தெரிஞ்சா அசிங்கம். வேற ஆளப் பாரு."

அதை நான் மாணிக்கத்திடம் எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாக நினைவில்லை. சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் நிமிர்ந்து, தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, பின்னால் போய் நின்றார். கிராணி முன்னால் வந்து தூக்கினார். அவருக்கும் எல்லாம் புரிந்திருந்தது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மரம் மழையில் ஊறியிருந்தது. எரிய வெகு நேரம் ஆகும் என்றார்கள். நாங்கள் வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டோம். தீ அணையாமல் பார்த்துக்கொள்ள அங்கேயே உட்கார்ந்தவர் மாணிக்கம். மறுநாள் காலை நான் போனபோது எலும்பையெல்லாம் பொறுக்கி, தண்ணீர் ஊற்றி ஆற்றி, புதுக் கலயத்தில் போட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்தார்.

"தலைப் பக்கத்து எலும்பு மேல இருக்குதுங்க. அவங்க வீட்டம்மா கேட்டா சொல்லுங்க" என்றார்.

அடுத்த கப்பலைப் பிடித்து ஆரணி வந்து சேர்ந்தோம். அண்ணி பெயர் தனலட்சுமி. கலயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழுது முடித்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி:

"பதினோரு நாளு அவர யாருப்பா பாத்துகினாங்க?"

"கோயில் கமிட்டிக்காரங்க. நல்ல குடும்பத்து ஜனங்க" என்றார் தேசிங்கு. "ஏகாம்பரம் கூடவே இருந்தான்."

அண்ணி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாளுக்கு நன்றி நோட்டீஸ் அடிப்பது என்று முடிவானது. மலேசியாவில் உதவியவர்களின் பெயரை எல்லாம் போட்டு, அங்கேயும் அனுப்ப வேண்டும். பெயர் தெரிந்தவன் நான். அதனால் அச்சகத்துக்கு நான் போனேன். எழுத்துக் கோக்கிறவர் பேனாவை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். மூன்று கோயில் தலைவர்கள், காரியதரிசி வேலாயுதம், தோட்டத்து மேனேஜர், டாக்டர், லாரி ஓட்டியவர் வரை சொன்னேன். தேசிங்கு பக்கத்தில் இல்லை. யாரும் என் வாயைப் பொத்தவில்லை.

"அவ்ளோதானா?" என்றார் அவர்.

"அவ்ளோதான்."

ஒரு மாதம் கழித்து கிராணியிடமிருந்து பதில் வந்தது. நோட்டீஸ் கிடைத்தது, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக வாசித்தோம், ஜனங்கள் நெகிழ்ந்துபோனார்கள் என்று எழுதியிருந்தார். வேறு எதுவும் எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மாணிக்கம் கோயிலில் நின்றிருப்பார். செல்லம்மாவும் பிள்ளைகளும் நின்றிருப்பார்கள். லாரிக்காரர் பெயர் வரைக்கும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாங்கள் படுத்திருந்த வீட்டுக்கு.

அதற்குப் பிறகு தேசிங்கு குழுவில் எட்டு வருஷம் வாசித்தேன். முதல் தவிலாக உயர்ந்தேன். நல்ல பெயர் வாங்கினேன். வழியில் பறை வந்தால் எல்லோரும் திரும்பி நிற்கும்போது நான் மட்டும் திரும்புவதை நிறுத்தினேன். அதை ஒரு பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை.

அண்ணன் போன பிறகு அண்ணி சேவூரில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குத் தார் சுற்றப் போனாள். நாள் முழுக்க ராட்டை சுற்றிப் பட்டு இழையைக் குழலில் ஏற்றும் வேலை. எண்பதுகளின் பிற்பாதியில் அவளுடைய அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானாள். பார்க்கப் போனேன். அண்ணி தனியாக அந்த அம்மாவைத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை. நான் போய் இடுப்புப் பக்கம் கை கொடுத்து, என்னை அறியாமல் "ஒண்ணு, ரெண்டு" என்றேன். உருட்டினோம். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஆளத் திருப்புறதுன்னா இன்னான்னு இப்பதான் தெரியுதுப்பா. ரெண்டு பேரு இல்லாம முடியாது. அங்க உன்னோட இன்னொருத்தர் யாரு?"

எட்டு வருஷம் கழித்துச் சொன்னேன். வீட்டைக் கொடுத்ததிலிருந்து எலும்பு பொறுக்கியது வரை. "யாரு?" என்று அண்ணன் கேட்டதையும், துண்டைத் தள்ளியதையும், பாடையிலிருந்து நான் விலக்கியதையும், அச்சகத்தில் நான் சொன்ன வார்த்தையையும். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அவருக்கு உடம்புக்கு முடியல. கடைசி வரைக்கும் வீம்பு. உனக்கு இன்னாடா கேடு?" என்றாள். குரல் உயரவில்லை. "நான் கேட்டன் இல்ல? வந்தன்னிக்கே கேட்டன் இல்ல? உன்னையில்ல கும்பிட்டன்."

அவளே அடுத்ததைக் கேட்டாள்.

"அந்தாளு பேரு இன்னா?"

"மாணிக்கம்."

"காயிதம் எடு. நான் சொல்றன், எழுது."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் சோமசுந்தரத்தின் மனைவி, நீங்கள் செய்தது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், என் புருஷனை நீங்கள் தாங்கினீர்கள், உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். கீழே தட்டுத்தடுமாறித் தன் பெயரை அவளே எழுதினாள். கோயில் விலாசத்துக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து என் பெயருக்குப் பதில் வந்தது. எழுதியது மாணிக்கத்தின் மகள். பரண் மேல் புத்தகம் வைத்திருந்த அந்தப் பெண்தான். இப்போது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அப்பா போன வருஷம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார், அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், இரண்டு தரம் படிக்கச் சொன்னார் என்று எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி இருந்தது:

"ஐயா, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் இறந்த அன்று மதியம் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாராம். இரண்டு முறை சொன்னாராம். நாக்கு குழறியதால் அப்பாவுக்குப் புரியவில்லை. ஏகாம்பரம் கூட இருந்திருந்தால் புரிந்திருக்கும் என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அது என்னவாக இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா?"

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டிருக்கலாம். கையை எடு என்று சொல்லியிருக்கலாம். அண்ணி பெயரைச் சொல்லியிருக்கலாம். மன்னிப்பாகவும் இருந்திருக்கலாம். அவர் குழறலைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான், அந்த நேரத்தில் ஓர் அலுவலகத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நன்றி என்றுதான் சொல்லியிருப்பார் என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்க்க அழகாக இருந்தது. கிழித்தேன். வேறு மாதிரி அதையே இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன்.

மூன்றாவதைத்தான் தபாலில் போட்டேன். "அம்மா, அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நல்ல வார்த்தை என்று எழுத எனக்கு ஆசைதான். உன் அப்பா எங்களிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அவர் விஷயத்தில் நான் பொய் எழுத மாட்டேன். அவரைப் பாடை தூக்க விடாமல் விலக்கச் சொன்னது இன்னொருவர். போய்ச் சொன்னவன் நான். அன்று கோயிலில் வாசித்த நோட்டீசில் அவர் பெயர் இல்லாமல் போனது யாருடைய மறதியும் இல்லை. பெயர்களைச் சொன்னவன் நான். எனக்கு அவர் பெயர் தெரியும்."

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.